கீழே கடை, மேலே குடித்தனம்: திருவல்லிக்கேணியில் கட்டடம் வாங்கப் போகிறவர்களுக்கு

திருவல்லிக்கேணியில் விற்பனைக்கு வரும் பழைய கட்டடங்களில் பாதிக்கு மேல் ஒரே வார்ப்பில் இருக்கும். அரை கிரவுண்ட் மனை, அதாவது 1200 சதுர அடி. தெருவைப் பார்த்து இரண்டு கடை. பக்கவாட்டில் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய படிக்கட்டு. முதல் மாடியில் இரண்டு குடித்தனம். அதற்கு மேல் பிற்பாடு எழுப்பிய மாடியில் ஐந்தாறு தனி அறைகள், வெளியூரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்த பையன்களுக்கு மேன்ஷன் கணக்கில் விட்டவை. "மாசம் ஒரு லட்சத்துக்கு மேல வாடகை வருது சார், உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று புரோக்கர் சொல்வார். அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு உண்மையில் கைக்கு வருகிறது, அந்த வாடகையைப் பெறும் உரிமை விற்பவருக்கு உண்டா என்ற மூன்று கேள்விக்கும் பத்திரத்தில் மட்டும் விடை கிடைக்காது. கட்டடத்துக்குள் படி ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் ஆக வேண்டும்.

இது சட்டத்திலேயே இருக்கிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி, ஒரு சொத்தில் ஒருவர் குடியிருக்கிறார் என்றால், அவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குகிறவருக்கும் தெரிந்ததாகவே கருதப்படும். மாடியில் இருப்பவர் விற்பவரிடம் ஏற்கெனவே கிரய உடன்படிக்கை போட்டு முன்பணம் கொடுத்திருக்கலாம். "எனக்குத் தெரியாது" என்று பிறகு நீங்கள் சொன்னால் நிற்காது. ஒரு முறை கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே என்றுதான் நீதிமன்றம் கேட்கும். ஆகவே குடியிருப்பவர்களைப் பார்க்க விடாமல், "அவங்களுக்கு விக்கிற விஷயம் தெரிய வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால், விலை எவ்வளவு இறங்கி வந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது.

மண் யாருடையது

இந்தப் பகுதியில் வேறெதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பார்த்தசாரதி கோயில் பல்லவர் காலத்துக் கல்வெட்டு உள்ள கோயில். வாலாஜா மசூதி 1795-இல் ஆற்காட்டு நவாபின் குடும்பத்தார் கட்டியது. இரண்டையும் சுற்றி நூற்றாண்டுகளாகக் குடியிருப்பு வளர்ந்திருக்கிறது. கோயில் மனை, வக்ஃபு மனை, சிறு மடங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் எழுதி வைத்த மனை எல்லாம் தனியார் மனைகளோடு கலந்து கிடக்கின்றன. மண் ஒருவருடையது, அதன் மேல் நிற்கும் கட்டடம் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு இங்கே சாதாரணம். கட்டடத்துக்காரர் மனை வாடகை கட்டிக்கொண்டே மூன்று தலைமுறையாக இருப்பார். சொத்து வரி அவர் பெயரில், மின் இணைப்பு அவர் பெயரில். விற்கும்போது தனக்கே எல்லாம் சொந்தம் என்ற தோரணையில் பேசுவார்.

வாடகை மனையில் சொந்தச் செலவில் கட்டடம் எழுப்பியவர்கள், அந்த மனையையே நீதிமன்றம் மூலம் விலைக்குக் கேட்க 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்தது. சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்று 1996-இல் திருத்தினார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தைச் செல்லும் என்றது. ஆகவே "கோயில் மனைதான், ஆனா பின்னாடி நம்ம பேருக்கு வாங்கிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் வாங்குவது சுவரும் கூரையும் மட்டுமே.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. டவுன் சர்வே நிலப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். பிளாக் எண், சர்வே எண் இரண்டும் இருந்தால் வருவாய்த் துறையின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். அதில் உரிமையாளர் பத்தியில் தேவஸ்தானம், வக்ஃபு, சர்க்கார் என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சர்வே எண்ணின் பரப்பையும் பத்திரத்தின் பரப்பையும் ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 1200 என்றும் பதிவேட்டில் 1130 என்றும் இருந்தால், அந்த 70 சதுர அடி தெருவிலோ பக்கத்து வீட்டிலோதான் இருக்கும். பிறகு தாய்ப்பத்திரங்களை, அதாவது சொத்து இதற்கு முன் கை மாறியபோது எழுதிய பத்திரங்களை, படியுங்கள். பழைய பத்திரங்களில் "மேற்படி மனையின் மேல் கட்டியுள்ள கட்டடம்" என்று மட்டும் எழுதி, மனையைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்தால் அது எழுத்தர் மறந்துபோனதல்ல.

வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்கு எடுப்பது வழக்கம். இந்த வட்டாரத்துக்கு அது போதாது. இணையத்தில் கிடைக்கும் விவரத்தை முழுதாக எடுத்துவிட்டு, அதற்கு முந்தையதைப் பதிவு அலுவலகத்தில் தேடச் சொல்லிப் பணம் கட்டுவது வீண் செலவல்ல. ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே வரும். அசல் பத்திரத்தைத் தனியாரிடம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் அதில் தெரியாது. அசலை நகலாக அல்ல, காகிதமாகக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். "லாக்கர்ல இருக்கு, பதிவு அன்னைக்குத் தரேன்" என்பதை ஏற்கவே கூடாது.

வாரிசுகள்

இந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் தாத்தா வாங்கி, பிரிக்கப்படாமல் இருப்பவை. பலவகைக் குடும்பங்கள் வாழும் பகுதி என்பதால் வாரிசுக் கணக்கும் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாட்டில் 1989 முதலே மகள்களுக்குப் பங்கு வந்துவிட்டது. அன்று திருமணமாகியிருந்தவர்களுக்கு இல்லை என்றிருந்த விலக்கும் 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தத்தோடு போயிற்று. முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி. மனைவிக்கு, தாய்க்குத் தனித்தனிப் பங்கு. யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று தீர்மானிக்கும் முன், இறந்தவர் எந்தத் தேதியில் இறந்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் இருந்த சட்டமே பல இடங்களில் கணக்கை முடிவு செய்கிறது.

சிறுவர்களின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். இந்துச் சிறுவரின் பங்கை அனுமதியின்றிப் பாதுகாவலர் விற்றால், அவர் வயதுக்கு வந்தபின் மூன்று ஆண்டுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். உயில் மூலம் வந்த சொத்து என்றால், சென்னை நகர எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயிலுக்கு நீண்ட காலம் ப்ரொபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயமாக இருந்தது. அந்தக் காலத்தில் ப்ரொபேட் வாங்காமலே சொத்து கை மாறியிருந்தால் வழக்கறிஞரிடம் அதைத் தனியாகக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வாரிசுகளில் ஒருவராவது துபாயிலோ அமெரிக்காவிலோ இருப்பார். அங்கிருந்து வரும் பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பதிவு நாளன்று பவர் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றையும் கேட்பார்கள். இதற்கே ஒரு மாதம் போகும், உடன்படிக்கையின் கெடு தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

வாடகைப் பட்டியலைப் பிரித்துப் பார்ப்பது

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காகத்தான், முறை எல்லாக் கட்டடத்துக்கும் ஒன்றே. விலை 3 கோடி சொல்கிறார்கள். கீழே மெஸ் 30,000, செல்போன் கடை 20,000. முதல் மாடி இரண்டு குடித்தனம், தலா 15,000. மேலே 6 அறை, தலா 5,000. மொத்தம் மாதம் 1,10,000, வருடம் 13,20,000. விலையில் 4.4% என்பார்கள்.

இப்போது கதவைத் தட்டுங்கள். முதல் மாடியில் ஒரு குடித்தனக்காரர் வாடகையே கொடுக்கவில்லை. 8 லட்சம் மொத்தமாகக் கொடுத்து லீஸுக்கு இருக்கிறார். வீட்டைக் காலி செய்யும்போது அந்த 8 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். எழுதிக்கொண்டது 20 ரூபாய்ப் பத்திரத்தில், பதிவு இல்லை. ஆகவே வில்லங்கச் சான்றில் வரவில்லை. பட்டியலில் எழுதியிருந்த 15,000 "விட்டால் வரக்கூடிய" வாடகை. வருடத்துக்கு 1,80,000 போயிற்று. மெஸ்காரர் ஒப்பந்தத்தில் 30,000, கொடுப்பது 24,000. மீதி போன வருடம் பேசிக் குறைத்தது. அதில் 72,000 போயிற்று. மேல் அறைகள் ஆறும் பன்னிரண்டு மாதமும் நிறைந்திருக்காது. பையன்கள் தேர்வு முடிந்து ஊருக்குப் போவார்கள், வேலை மாறுவார்கள். ஆறில் ஒரு பங்கு காலி என்று வைத்தால் 60,000. மிஞ்சுவது 10,08,000.

இனிச் செலவு. சொத்து வரி, குடிநீர் வாரிய வரி, கட்டணம் சேர்த்து 60,000. படிக்கட்டு விளக்கு, மோட்டார், கோடையில் தண்ணீர் லாரி மாதம் 5,000 வீதம் 60,000. அறைகளைப் பார்த்துக்கொண்டு, கூட்டி, வாடகை வசூலிக்கிற ஆளுக்கு மாதம் 8,000 வீதம் 96,000. கழிவுநீர் அடைப்பு எடுக்க 12,000. பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டியது 1,00,000. மொத்தம் 3,28,000. கையில் நிற்பது 6,80,000.

நீங்கள் போட்ட முதலும் 3 கோடி அல்ல. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அதில் 27 லட்சம். வழக்கறிஞர், பொறியாளர் செலவு 1 லட்சம். உடனே செய்தாக வேண்டிய பழுதுபார்ப்பு 12 லட்சம் என்று வைத்தால் 3 கோடியே 40 லட்சம். வருமானம் 2%. புரோக்கர் சொன்ன 4.4%-இல் பாதிகூட இல்லை. அப்படியும் வாங்கலாமா என்றால், மனையின் மதிப்புக்காக வாங்கலாம். அப்படியானால் மனை விலையைப் பேசுங்கள், வாடகையைக் காட்டி ஏற்றிய விலையைப் பேசாதீர்கள்.

இன்னும் ஒன்று. குடியிருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் விற்பவரின் கையில் இருக்கிறது, திருப்பித் தர வேண்டியவர் இனி நீங்கள். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வீடுகளுக்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சொன்னாலும், சென்னையில் பத்து மாதம் வாங்கும் பழக்கம் போகவில்லை. மெஸ் 3 லட்சம், செல்போன் கடை 2 லட்சம், ஒரு குடித்தனம் 1.5 லட்சம், லீஸ்காரர் 8 லட்சம், அறைகள் ஒரு மாத வாடகை வீதம் 30,000. ஆக 14 லட்சத்து 80 ஆயிரம். இதைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்ள வேண்டும். உடன்படிக்கையில் பெயர் பெயராக, தொகை தொகையாக எழுத வேண்டும். "அதெல்லாம் நான் செட்டில் பண்ணிடுவேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஏமாறுகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். குடியிருப்பவர் உங்களிடம்தான் வந்து நிற்பார், அவர் கேட்பதும் நியாயம்.

ஒவ்வொருவரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பகுதியில் இருக்கிறார், எப்போதிலிருந்து, வாடகை எவ்வளவு, எந்த மாதம் வரை கொடுத்திருக்கிறார், அட்வான்ஸ் எவ்வளவு, ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, கட்டடத்தில் சொந்தச் செலவில் ஏதாவது செய்திருக்கிறாரா, வாங்குவதாக உடன்படிக்கை எதுவும் உண்டா, வழக்கு உண்டா. இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும். கடைக்காரர் என்றால் பகடி கொடுத்து உள்ளே வந்தாரா என்பதைத் தனியாகக் கேளுங்கள். சந்தைப் பகுதிகளில் முந்தைய கடைக்காரருக்குப் பெரும் தொகை கொடுத்து இடத்தைப் பிடித்தவர், அதைத் தன் சொத்தாகவே நினைப்பார். அவரைக் காலி செய்யச் சொல்லும் பேச்சு அந்தத் தொகையில்தான் தொடங்கும்.

2017 சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவதும் இப்போது தேவை. அதற்கு முன்பு 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கிய வழக்கு ஏதாவது இந்தக் கட்டடத்தின் மீது ஓடுகிறதா என்று கேட்டு, வழக்கு எண்ணை வாங்கி நீதிமன்ற இணையத்தளத்தில் பாருங்கள்.

கட்டடம்

திருவல்லிக்கேணி கடலிலிருந்து நடந்து போகும் தூரம். உப்புக் காற்றுதான் இங்கே கட்டடத்தின் முதல் எதிரி. முன்பக்க சன்ஷேடு, பால்கனி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பலகை ஆகிய மூன்றும் முதலில் கெடும். கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கம்பியின் போக்கில் நேர்கோடாக ஓடும் விரிசலைப் பார்த்தால் அது பூச்சு விரிசல் அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் பூசி வெள்ளையடித்து விற்பனைக்குக் கொண்டுவருவார்கள். புதுப் பூச்சு எங்கே திட்டுத் திட்டாக இருக்கிறதோ அங்கே சுத்தியால் தட்டச் சொல்லுங்கள். உள்ளே வெற்றுச் சத்தம் வரும்.

கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தால் "பார்த்துட்டு சொல்லுங்க" என்று விடாமல், என்ன சோதனை வேண்டும் என்று கேளுங்கள். தூணிலும் பீமிலும் கான்கிரீட்டின் உறுதியைத் தட்டி அளக்கும் ரீபவுண்ட் சுத்தி, கம்பிக்கு மேல் எவ்வளவு கனம் கான்கிரீட் இருக்கிறது என்று அளக்கும் கருவி, ஓரிரு இடத்தில் துளையிட்டு ஃபினால்ஃப்தலின் தெளித்துப் பார்ப்பது. நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாகும், காரத்தன்மை போனது நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால் கம்பிக்கு இனிக் காவல் இல்லை. கம்பியின் மின்னழுத்தத்தைப் பார்க்கும் அரை மின்கல அளவீட்டில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துரு ஓடிக்கொண்டிருக்க 90%-க்கு மேல் வாய்ப்பு. இந்தச் சோதனைகளின் செலவு, விலை பேசும்போது பல மடங்காகத் திரும்பி வரும்.

கீழ்த்தளமும் முதல் மாடியும் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை அது. நன்றாகப் பராமரித்தால் நூறு வருடம் நிற்கும் அருமையான வேலை. அது கெடுவது இரண்டு காரணத்தால். ஒன்று, அதன் மேல் பிற்பாடு கழிவறை கட்டுவது. தண்ணீர் கசிந்து, உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை உளுத்துப்போகும். நடுவில் உறுதியாகத் தெரியும், முனையில் விரலால் அழுத்தினாலே ஆணி இறங்கும். எனவே உத்திரத்தைச் சுவர் ஓரத்தில் குத்திப் பாருங்கள். இரண்டாவது, சுண்ணாம்புச் சுவரின் மேல் கான்கிரீட் மாடியை ஏற்றுவது. அந்தச் சுவர் அத்தனை எடைக்காகக் கட்டப்பட்டதல்ல. கடையை அகலமாக்க முன்சுவரை வெட்டி ஷட்டர் வைத்திருந்தால், வெட்டிய இடத்துக்கு மேலே இரும்பு உத்திரம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கத்துக் கட்டடத்தோடு பொதுச் சுவர் என்றால், அதில் யார் யாருக்கு உரிமை என்று பத்திரத்தில் தேடுங்கள். அவர்கள் நாளை இடித்தால் உங்கள் சுவர் நிற்குமா என்பது அதில்தான் இருக்கிறது.

கழிவுநீர்க் குழாய் பற்றிக் கேட்பதற்குப் பலருக்குத் தயக்கம். ஆனால் கீழே மெஸ், மேலே 20 பேர் என்ற கட்டடத்தில் மாதாமாதம் சண்டை வருவது அதனால்தான். மெஸ்ஸின் எண்ணெய்ப் பிசுக்கு குழாயில் உறைந்து அடைக்கும், மேலிருந்து வருவது கீழ்க்கடையில் பொங்கும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி இல்லாமல் எந்தச் சாப்பாட்டுக் கடைக்கும் இடம் தரக் கூடாது. தண்ணீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பொதுவான அளவு. இரண்டு குடித்தனத்தில் 10 பேர், ஆறு அறையில் 12 பேர், ஆக 22 பேர். நாளுக்கு ஏறக்குறைய 3,000 லிட்டர், மெஸ்ஸுக்குத் தனி. இரண்டு நாள் தாங்க 6,000 லிட்டர் தொட்டியாவது வேண்டும். பல பழைய கட்டடங்களில் 2,000-க்கு மேல் இருக்காது. கிணற்றுத் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள், கடலோரம் என்பதால் கரிப்பாக இருக்கலாம். அந்தத் தண்ணீர்தான் குழாயையும் சுவரையும் அரிக்கிறது.

மின் மீட்டர்களை எண்ணுங்கள். கதவு எத்தனை, மீட்டர் எத்தனை, எந்தக் கட்டண வகை என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், கடையின் ஃபிரிட்ஜ் மாடி வீட்டு மீட்டரில் ஓடுவது உண்டு. மின் வாரியம் பிடித்தால் அபராதம் இணைப்பின் பெயருக்குத்தான் வரும். இதே போலச் சொத்து வரியையும் பாருங்கள். 2022-இல் மாநகராட்சி வரியை உயர்த்தியபோது வணிகக் கட்டடங்களுக்கு 150% கூட்டினார்கள். வீடென்று வரி கட்டிக்கொண்டு கடையாக நடக்கும் பகுதி இருந்தால், மறு அளவீட்டில் பழைய அரையாண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்பார்கள்.

இடித்துக் கட்டலாம் என்ற எண்ணம்

வாங்குகிறவர்களில் பலருக்கு மனதில் இது இருக்கும். அளவு நாடாவை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் ஆசைப்படுங்கள். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு 2. 1200 சதுர அடி மனையில் 2400 சதுர அடி கட்டலாம். இப்போது நிற்பது மனை முழுதையும் அடைத்துக் கீழும் மேலும் மூன்று தளம், 3600 சதுர அடி. இடித்தால் 1200 சதுர அடி குறையும். கட்டணம் கட்டிக் கூடுதல் பரப்பு வாங்குவது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. இங்குள்ள பல சந்துகளுக்கு அந்த அகலம் கிடையாது. வாகன நிறுத்தத்துக்கு வேறு இடம் விட வேண்டும். தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப்பட்ட தெரு என்றால் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை என்ற சலுகை உண்டு. உங்கள் தெரு அதில் வருகிறதா என்று சி.எம்.டி.ஏ.-விடம் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எழுத்தில் கேளுங்கள். கடற்கரைப் பக்கத்துத் தெரு என்றால், கடலோரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வருகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதனாலேயே அனுமதி பெற்ற வரைபடம் முக்கியம். இரண்டாம் மாடி வரைபடத்தில் இல்லை என்றால், வங்கி அந்த மாடியை மதிப்பில் சேர்க்காது. கடை கலந்த கட்டடத்துக்கு வீட்டுக் கடன் வட்டியும் கிடைக்காது, வணிகச் சொத்துக் கடனாகவே தருவார்கள். விலையில் பாதிக்கு மேல் கையிலிருந்து போட முடியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

உடன்படிக்கையிலிருந்து சாவி வரை

விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் இது கட்டாயம். பதிவு செய்யாத தாளை வைத்து நீதிமன்றத்தில் போராடுவது கடினம். முன்பணம் கொடுக்கும் முன் தமிழ், ஆங்கில நாளிதழ்களில் ஆட்சேபம் கோரி அறிவிப்புக் கொடுங்கள். அதில் கதவு எண்ணைப் பழையது, புதியது இரண்டையும் போடுங்கள். இங்கே எண்கள் மாறியிருப்பதால் ஒன்றை மட்டும் போட்டால் பங்காளிக்கு அது எந்த வீடு என்றே தெரியாமல் போகலாம்.

கிரயத் தொகை மொத்தமாக 50 லட்சத்தைத் தொட்டால் விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து 1% வருமான வரியைப் பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். விற்பவர் ஐந்து பேர், வாங்குபவர் இருவர் என்றால் பத்துத் தனிப் படிவம். வெளிநாட்டில் குடியிருக்கும் வாரிசின் பங்குக்கு 1% அல்ல, மூலதன ஆதாய வரி விகிதமே வரும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை அவர் வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கி வராவிட்டால், பதிவு நாளன்று பணம் பேச்சில் சிக்கும். பத்திரத்தில் எல்லாத் தளங்களின் பரப்பையும் உள்ளபடி எழுதுங்கள். பதிவுத் துறையினர் கட்டடத்தை நேரில் வந்து அளப்பார்கள். காட்டாத மாடி தெரிந்தால் பத்திரம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

பதிவு முடிந்த அன்றே, விற்பவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்தை ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் கொடுங்கள். கை மாறியது தெரியாமல் அவர் பழைய உரிமையாளருக்கு வாடகை கொடுத்துவிட்டால், மறுபடி உங்களுக்குத் தர வேண்டியதில்லை என்பதே சட்டம். கிரயத்துக்கு முந்தைய பாக்கியும், தனியாக எழுதி வாங்கியிருந்தாலொழிய, உங்களுக்குச் சேராது. கடிதத்தைத் தமிழில் கொடுப்பதோடு, கடைக்காரருக்கு உருது நன்றாக வரும் என்றாலோ மேல் அறையில் இருப்பவர்கள் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள் என்றாலோ, அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை வைத்து விளக்கிச் சொல்லுங்கள். அட்வான்ஸ் பத்திரமாக இருக்கிறது என்று அவர்கள் காதால் கேட்க வேண்டும். அந்த ஒரு பேச்சு நடக்காததால்தான் பல இடங்களில் முதல் மாத வாடகையே தகராறாகிறது.

காலியாகும் பகுதிக்கு இன்ன மதத்தார்தான், சைவம் மட்டும்தான் என்று வரம்பு போடுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அது தவறு என்பது ஒருபுறம், மாதக்கணக்கில் பூட்டிய கதவு மறுபுறம். கோயில் தெருவும் மசூதித் தெருவும் பத்து நிமிட நடையில் இருக்கும் ஊர் இது. ஆதாரும் வேலை விவரமும் வாங்கி, காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து, எழுத்து ஒப்பந்தம் போட்டு விட்டால் போதும்.

முதல் மாதத்தில் பட்டாப் பெயர் மாற்றம், சொத்து வரி, குடிநீர் வாரியம், ஒவ்வொரு மின் இணைப்பு என்று வரிசையாகப் பெயரை மாற்றுங்கள். கடைக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவரா என்று கேட்டு எழுதி வையுங்கள். வாடகைக்கு 18% வரியை யார் கட்டுவது என்பது உங்கள் பதிவையும் அவர் பதிவையும் பொறுத்து மாறும், அதை ஒப்பந்தத்தில் தெளிவாகப் போட வேண்டும். சொத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5% தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். மொட்டைமாடிக் கதவின் சாவி பெரும்பாலும் மேல் அறையில் இருக்கும் மூத்த பையனிடம் இருக்கும். அதை வாங்கி ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அசலை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். தொட்டி வழிவதை ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டு எழுந்து மோட்டாரை நிறுத்துகிறவர் அவர்தான்.